ஓடப்பாட்டுக்கு வாசிச்சவர்

ஏம்மா, அந்த ஒயரைக் காதுலேருந்து கொஞ்சம் எடுக்கிறியா? கோவிச்சுக்காத. சேலத்துல ஏறினதுலேருந்து வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன், இனிமே என்னால முடியாது. பாட்டுத்தானே கேட்டுக்கிட்டு வர்றே? நானும் பாட்டைப் பத்தித்தான் பேசப்போறேன்.

மாண்டலின்னா தெரியுமா உனக்கு? கிடார் இல்லை. கிடாருக்குக் குட்டிம்பாங்க சில பேரு, கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கைக்கு அடக்கமா இருக்கும், கம்பியெல்லாம் ஜோடி ஜோடியாப் போகும். ஒரு ஜோடிக்கு ஒரே சுருதி. சின்னத் தகடு வச்சு விடாம மீட்டணும், அப்பத்தான் நாதம் அறுந்து போகாம நீளும். அந்தக் காலத்துல கதாநாயகி ஏரிக்கரைக்கு வந்தா மாண்டலின், மலை ஏறினா மாண்டலின், மழையில நனைஞ்சா மாண்டலின். பாடுறவங்க மூச்சு வாங்குற நேரத்துல, ஒரு சரணத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வருமே வாத்தியம், அதைப் பிட்டும்பாங்க. ஜனங்க பாட்டோட வார்த்தையை மறந்துருவாங்க, பிட்டை மறக்கமாட்டாங்க. கல்யாண வீட்டுல பாரு, வார்த்தை தெரியாதவன்கூட அந்த இடத்துல வாயாலயே வாசிப்பான்.

அப்படி ஒரு பாட்டு இருக்கு. படகுல போறப்ப பாடுறது. படம் வந்த சுவடு தெரியாம பெட்டிக்குள்ள போயிருச்சு, பாட்டு மட்டும் ரேடியோவுல நின்னுருச்சு. நாங்க அதை ஓடப்பாட்டுன்னுதான் சொல்லுவோம். பல்லவி முடிஞ்ச உடனே ஒரு மாண்டலின் வரும் பாரு. ஒருத்தர் பாடிக்கிட்டே போற மாதிரியும், பின்னாடியே ஒரு குழந்தை அதையே பாடிக்கிட்டு ஓடி வர்ற மாதிரியும் இருக்கும். நான் அப்ப திருச்சியில, பாலக்கரையில, கல்யாணம் ஆகாம இருந்தேன். அது ரேடியோவுல வந்துச்சுன்னா உலையில அரிசி போட்டிருக்கேனா இல்லையாங்கிறதே மறந்துரும். எங்கம்மா கரண்டியாலயே ஒண்ணு போடுவாங்க.

அந்த மாண்டலினை வாசிச்சவரு எங்க வீட்டுக்காரரு.

இப்படித்தான்மா நான் இத்தனை வருஷமும் சொல்லிக்கிட்டு வந்தேன். பால்காரர்லேருந்து பங்குச்சாமியார் வரைக்கும் என் வாயால கேக்காதவங்க கிடையாது.

அவரு பேரு இன்னாசிமுத்து. பொண்ணு பார்க்க வந்தப்ப எங்க பெரியப்பாதான் கேட்டாரு, மாப்பிள்ளை சினிமாவுல மாண்டலின் வாசிக்கிறீங்களாமே, எந்தப் பாட்டுன்னு. இவரு காபி டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. பெரியப்பா விடலை, அந்த ஓடப்பாட்டுக்குப் போயிருந்தீங்களான்னாரு. போயிருந்தேன்னாரு. அவ்வளவுதான், எனக்கு உள்ளுக்குள்ள தேர் கிளம்பிருச்சு. மூஞ்சியைக்கூட நான் சரியாப் பார்க்கலை. அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

வாசிச்சவங்க பேரை ரெக்கார்டுல போடமாட்டாங்கம்மா அப்பல்லாம். பாடினவங்க பேரு இருக்கும், எழுதினவர் பேரு இருக்கும், மியூசிக் டைரக்டர் பேரு பெருசா இருக்கும். ஸ்டுடியோவுல பேரைச் சொல்லியே கூப்பிடமாட்டாங்களாம், மாண்டலின் உள்ள வா, தபலா வெளிய நில்லுன்னுதான். என்ன படம், யாரு நடிக்கிறா, ஒண்ணும் தெரியாது. நோட்ஸைக் குடுப்பாங்க, வாசிச்சுட்டு வரவேண்டியது. பாட்டு வெளிய வந்த பிறகு டீக்கடையில கேட்டுத்தான் நம்மளது எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அப்ப அவங்களுக்காக யாராவது சொல்லணும்தானே? நான் சொன்னேன். இவருக்கு வாயே கிடையாது. வெயில் அடிக்குதுன்னு சொல்லக்கூடக் கூச்சப்படுற ஆளு.

வீட்டுக்கு யாரு வந்தாலும் நான் உறையைக் கழட்டி மாண்டலினை அவர் மடியில வச்சுருவேன். ஓடப்பாட்டு வாசிங்கன்னு சொல்லுவேன். வாசிப்பாரு, வாசிக்கமாட்டேன்னு சொன்னதே இல்லை. ஆனா ரெக்கார்டுல வர்ற மாதிரி வராது. அந்தப் பின்னாடி ஓடி வர்ற குழந்தை வராது. ஏங்க இப்படின்னு கேட்டா, அது அப்படித்தான் பிலோம்பாரு. என் பேரு பிலோமினா. வீட்டுல மைக் இல்லையே, அதனாலன்னு வந்தவங்களுக்கு நானே விளக்கம் சொல்லிருவேன்.

எங்க பையன் பிறந்தப்ப தொட்டில் பக்கத்துல உக்காந்து இவரா என்னமோ ஒண்ணு வாசிப்பாரு. மெதுவா, கேட்டா தூக்கம் சொக்கும். யாரு பாட்டுன்னு கேட்டேன், யாரு பாட்டும் இல்லைன்னாரு. எதுக்கு அதெல்லாம், பையன் அப்பா வாசிச்ச பாட்டைக் கேட்டு வளரட்டும், ஓடப்பாட்டை வாசிங்கன்னேன். அப்புறம் அதைத்தான் வாசிச்சாரு. கோயில்ல பாடகர் குழுவுக்கும் வாசிப்பாரு, மெட்டுக்கூடப் போட்டுக் குடுத்திருக்காரு, ஈஸ்டர் பூசையில ஜனங்க அழுவாங்க. ஆனா அதெல்லாம் கோயிலோட போச்சு. சினிமாவுல வாசிச்சதுதானே நாலு பேருக்குத் தெரியும், என்ன சொல்றே?

இந்த வருஷம் தவக்காலம் முடிஞ்ச கையோட யூட்யூப் சேனல்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. திரைக்குப் பின்னால இருக்கிற கலைஞர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கிறாங்களாம். நான்தான் எங்க மருமகளை விட்டு எழுதிப் போட்டிருந்தேன். இவரு வேணாம்னாரு. பனியனோட உக்காந்துக்கிட்டு சட்டையே போடமாட்டேன்னு அடம். நான் சட்டையை மாட்டிவிட்டு, தலை சீவிவிட்டு, உக்கார வச்சேன். கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். இவரு கம்பியை முறுக்கி முறுக்கிச் சுருதி சேர்த்துக்கிட்டே இருந்தாரு. வீடியோவைப் பார்த்தவங்க எல்லாம் எழுதினாங்க, என்ன அடக்கம், என்ன அடக்கம்னு.

ஊரே பார்த்துச்சும்மா அந்த வீடியோவை. துபாய்லேருந்து போன் பண்றாங்க, பினாங்குலேருந்து போன் பண்றாங்க. எங்க பங்குச்சாமியார் வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பாராட்டு விழான்னு அறிவிச்சுட்டாரு. ஃபிளெக்ஸ் அடிச்சு சாலிகிராமம் முக்குல கட்டியாச்சு. ஓடப்பாட்டின் மாண்டலின் இன்னாசின்னு இவ்வளவு பெரிய எழுத்துல. நான் அந்தப் பக்கமா ரெண்டு தரம் காய்கறி வாங்கப் போனேன், வீட்டுல காய் இருந்தும்.

அப்பத்தான் அந்த வீடியோவுக்குக் கீழ ஒருத்தி எழுதுறா. சேலத்துலேருந்து வசுமதியாம். அதை வாசிச்சது எங்கப்பா தாமோதரன், பக்கவாதம் வந்து படுத்திருக்காரு, தயவுசெஞ்சு தப்பாச் சொல்லாதீங்கன்னு. தயவுசெஞ்சுன்னு போட்டா சரியாப் போச்சா? எனக்கு வந்துச்சு பாரு கோபம். ஊரான் பேரைத் திருடிப் பொழைக்க வெக்கமா இல்லையான்னு மருமகளை எழுதச் சொன்னேன். அவ தயங்கினா. நான் சொல்லச் சொல்ல எழுதுடின்னேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் பத்துப் பேரு, இந்தப் பக்கம் இருபது பேரு, குழாயடிச் சண்டை தோத்துப் போகும்.

இவருக்கு மருமகதான் காட்டியிருக்கா. படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டி வச்சாரு. அந்த வீடியோவை எடுத்துரச் சொல்லு பிலோன்னாரு. ஏன் எடுக்கணும், நீங்க வாசிச்சீங்களா இல்லையான்னு கேட்டேன். எந்திரிச்சுப் போய் மாண்டலினைப் பெட்டியில வச்சு, பெட்டியைப் பீரோவுக்கு மேல ஏத்திட்டாரு. அன்னையிலேருந்து தொடலை. சோறும் சரியா இறங்கலை. பாவம், மனுஷனை அந்தச் சேலத்துக்காரி எவ்வளவு நோகடிச்சுட்டா பாருன்னு நான் நினைச்சுக்கிட்டேன். நெஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டே இருக்கு. விழாவுல எவனாவது எந்திரிச்சு சேலத்து விஷயத்தைக் கேட்டுட்டான்னா? இவரு வாயைத் திறக்கமாட்டாரு. ஃபிளெக்ஸுக்குக் கீழ நின்னு மனுஷன் அவமானப்பட்டா அந்த ஜீவன் தாங்குமா? அதான் கிளம்பிட்டேன். ஆத்தூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு இவர்கிட்டச் சொன்னேன். பொய் இல்லை, ராத்திரி அங்கதான் தங்கினேன். காலையில சேலம் வந்துட்டேன்.

அம்மாப்பேட்டையில வீடு. சந்து முழுக்கத் தறிச் சத்தம். வசுமதிதான் கதவைத் திறந்தா. பேரைச் சொன்னதும் மூஞ்சி மாறிருச்சு, ஆனாலும் உள்ள வாங்கன்னு சொல்லித் தண்ணி குடுத்தா. வாசல்லயே கத்துவான்னு நினைச்சுத் தயாராத்தான் போயிருந்தேன். தண்ணியைக் குடுத்தா என்ன பண்றது, குடிச்சேன்.

அவரு ஜன்னலோரக் கட்டில்ல சாஞ்சிருந்தாரு. வலது கை மடியில சும்மா கிடக்கு. பேச்சு குழறுது, பாதி நமக்குப் புரியும், மீதியை மகதான் எடுத்துச் சொல்லணும். நான் யாருன்னு அவ சொன்னதும், இன்னாசி சம்சாரமா, நல்லா இருக்கானான்னு கேட்டாரும்மா. சண்டைக்குப் போனவகிட்ட முதக் கேள்வியே அதுதான். சேர்ந்து ஸ்டுடியோவுக்கு அலைஞ்சவங்களாம். இவரு ஒரு நாள்கூட எனக்கு அந்தப் பேரைச் சொன்னதில்லை.

அன்னைக்கு நடந்ததைச் சொன்னாரு. நான் கேக்கலை, அவராச் சொன்னாரு. காலையில இன்னாசியைத்தான் கூப்பிட்டிருந்தாங்களாம். நல்லாத்தான் வாசிச்சாராம். ஆனா மியூசிக் டைரக்டருக்கு வேற என்னமோ தோணுது, என்னன்னு அவருக்கே சொல்லத் தெரியலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டப்ப, வேற படத்துக்கு வந்திருந்த தாமோதரனைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயிருக்காரு. தாமோதரன் ஒரு ஜோடியில ஒரு கம்பியைக் கழட்டிட்டு, அந்த இடத்துல மெல்லிசுக் கம்பி மாட்டி, அதை ஒரு ஸ்தாயி மேல வச்சு வாசிச்சிருக்காரு. ஒரே மீட்டுல பெருசும் சின்னதும் சேர்ந்து வருமாம். வசுமதி அதைச் சொல்லச் சொல்ல எனக்குப் பின்னாடி ஓடி வர்ற அந்தக் குழந்தை கேக்குது. எத்தனை வருஷமாக் கேட்டிருக்கேன்.

இன்னாசி எங்க இருந்தார்னு கேட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து உள்ள ஓரமா நின்னானாம். கடைசி வரைக்கும் கேட்டானாம். முடிஞ்சதும் வந்து, தாமு, இதுதான் சரின்னு சொல்லிட்டுப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போனானாம்.

அப்ப இவருக்குத் தெரியும்மா. பாட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே தெரியும். பெரியப்பா கேட்ட அன்னைக்கும் தெரியும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாம்தானே? என்னமோ நான் புலி மாதிரி. நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?

அங்க உக்காந்துக்கிட்டு எனக்கு அழுகை முட்டுது. ஆனா ஞாயித்துக்கிழமை இருக்கே. ஃபிளெக்ஸ் இருக்கே. நான் கேட்டேன். ஐயா, உங்களுக்கு எத்தனையோ பாட்டு இருக்கும், அவருக்கு இது ஒண்ணுதான் இருக்கு. வாசிச்சது அவருதான்னு இந்தப் போனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னேன்.

வசுமதி கொதிச்சுட்டா. உங்களுக்கு மனசாட்சி இருக்கா, எங்கப்பாவுக்கு என்ன மிச்சம் இருக்குன்னு இதையும் கேக்க வந்தீங்கன்னா. அவ அப்படித்தான் கேப்பா, நான் தப்புச் சொல்லலை, மகதானே. ஆனா அவரு இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினாரு. போனைப் பிடிங்கன்னு எனக்குச் சைகை காட்டினாரு. அதுவரைக்கும் குழறின நாக்கும்மா, அந்த ஒண்ணை மட்டும் அத்தனை தெளிவாச் சொல்லுச்சு. ஓடப்பாட்டுக்கு மாண்டலின் வாசிச்சது இன்னாசிமுத்து. நான் இல்லை. அவ்வளவுதான். சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு, சரியா வந்துச்சாங்கிற மாதிரி. வசுமதி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

நான் என்ன பிடுங்கிக்கிட்டா வந்தேன்? கேட்டேன், குடுத்தாரு. கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். கிளம்புறப்ப ஒண்ணு கேட்டாரு, இன்னாசி இன்னும் வாசிக்கிறானான்னு. தினமும் வாசிக்கிறார் ஐயான்னேன். வேற என்ன சொல்றது? போன் நம்பர் கேட்டாரு, இவரு நம்பரைக் குடுத்துட்டு வந்தேன். குடுக்கமாட்டேன்னு எப்படிச் சொல்றது அந்த மனுஷன்கிட்ட.

சேலத்துல பஸ் ஏறினதுலேருந்து மருமகளுக்கு அவர் பேசினதை அனுப்பிரலாம்னு எடுக்கிறேன், வைக்கிறேன். எடுத்துப் பார்த்தா அவர் சிரிக்கிறதுல வந்து நிக்குது. எத்தனை லேசாக் குடுத்தாரு. தன்னோடதா இல்லாத ஒண்ணை யாராச்சும் அத்தனை லேசாக் குடுப்பாங்களா சொல்லு.

இரும்மா. போன் அடிக்குது. இவருதான்.

ஹலோ. ம்... அக்கா வீட்டுலேருந்து கிளம்பிட்டேங்க, பஸ்ஸுல இருக்கேன். உளுந்தூர்பேட்டை வரப்போகுது. சாப்பிட்டேன். என்னது? ...யாரு பேசினா? ...இல்லைங்க, நான் என்ன... கேளுங்க, ஞாயித்துக்கிழமை... ஏங்க, யாருக்காகங்க நான்... ம். ...ம். ...சரி. அனுப்பலை. இன்னும் யாருக்கும் அனுப்பலை. ...எங்க? ...இப்பவேவா? ...ஹலோ.

வச்சுட்டாரு.

தாமோதரன் இவருக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்காரு மகளை. ரெண்டு பேரும் பேசியிருக்காங்க. இவரு அழுதாராம், அதையும் அவரே சொல்றாரு. எங்க கல்யாணம் ஆனதுலேருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லைம்மா. அவன் கை வாசிச்சதை அவன் வாயாலயே இல்லைன்னு சொல்ல வச்சுட்டியே பிலோங்கிறாரு. திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சாமியாரைப் பார்த்து விழா வேணாம்னு சொல்லிட்டாராம். ஃபிளெக்ஸை இவரே ஆளை விட்டு அவுத்துட்டாராம். பேசவே தெரியாத மனுஷன் ஒரே காலையில இத்தனை பேசியிருக்காரு.

பீரோ மேலேருந்து பெட்டியை இறக்கிட்டாராம். பஸ் ஏறிட்டாராம் சேலத்துக்கு. தாமோதரனுக்கு வாசிச்சுக் காட்டணுமாம். ஓடப்பாட்டு இல்லையாம். என்னோடது ஒண்ணு இருக்குங்கிறாரு.

அவருக்கு ஒண்ணு இருக்காம்மா. என்கிட்ட யாரு சொன்னா?

இந்த ரோட்டுலதானே எதிர்ல வருவாரு. எந்த பஸ்ஸுன்னு கேக்கத் தோணலை எனக்கு, அதுக்குள்ள வச்சுட்டாரு. நீ அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிவிடு. நான் உளுந்தூர்பேட்டையில இறங்கி எதிர்ப் பக்கம் நின்னா, வந்துருவாரா? நின்னு ஏறினா ஏத்திக்குவாரா? நான் போய் அங்க உக்காந்து கேக்கலாமா அதை? இல்லை, பேசாம வீட்டுக்கே போயிரவா? சாவியை எதிர்வீட்டுல குடுத்திருக்கேன், சாதம் வடிச்சு வச்சிருக்கேன், நீ போய்ச் சாப்பிடுன்னாரு. எல்லாம் சொன்னாரும்மா.

நீயும் வான்னு மட்டும் சொல்லலை.